ஷில்லாங்: கோடை வாசஸ்தலமா, தலைநகரமா?

வாசகர் கேள்வி – 8 அக்டோபர் 2023

என் மகளுக்கு மேகாலயாவின் தலைநகரான ஷில்லாங்கில் உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குப் பணியிட மாற்றம் வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் அருவிகளும் ஏரியும்தான் வருகின்றன. ஊட்டியைப் போன்ற ஒரு கோடை வாசஸ்தலம், அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்கள் யாராவது ஊரைப் பற்றி முழுமையாக எழுத முடியுமா?

9 அக்டோபர்

ஊட்டியோடு ஒப்பிடுவதில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகரம். வெயில் ஏறியதும் ஆளுநரும் செயலாளர்களும் கோப்புகளோடு மலையேறுவார்கள், பருவம் முடிந்ததும் இறங்கிவிடுவார்கள். ஷில்லாங் அவ்வாறு உருவான ஊர் அன்று. 1864இல் காஸி, ஜைந்தியா மலைகளின் மாவட்டத் தலைமையிடத்தைச் செரபுஞ்சியிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். 1874இல் அசாமை வங்காளத்திலிருந்து பிரித்துத் தலைமை ஆணையரின் கீழ்த் தனி மாகாணமாக்கியபோது, தோன்றிப் பத்தாண்டே ஆன இந்த ஊரையே அதற்குத் தலைநகராக்கினார்கள். பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கும், அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட சில்ஹட் மாவட்டமும், நாகா மலைகளும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருந்த இந்த ஊரிலிருந்து ஆண்டு முழுவதும் ஆளப்பட்டன. 1905 முதல் 1912 வரை கிழக்கு வங்காள-அசாம் மாகாணம் இருந்தபோது மட்டும் டாக்கா தலைநகராகவும் ஷில்லாங் கோடைத் தலைநகராகவும் இருந்தன. 1912இல் மாகாணம் கலைந்ததும் பழைய நிலை திரும்பியது.

ஆகவே ஷில்லாங் முதலில் அலுவலக ஊர், பிறகுதான் சுற்றுலா ஊர். எழுத்தர்கள், அச்சகங்கள், பள்ளிகள், நீதிமன்றம், கருவூலம், இவர்களுக்குத் துணி தைத்தவர்கள், இவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் என்றுதான் அங்கே குடியிருப்புகள் வளர்ந்தன. உங்கள் மகள் போகப்போவது அப்படிப்பட்ட ஊருக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

9 அக்டோபர், இரவு

மேலே எழுதியதில் 1972ஐ விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

1960இல் அசாமி மொழியை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தபோது மலை மாவட்டங்கள் எதிர்த்தன. அனைத்துக் கட்சி மலைத் தலைவர்கள் மாநாடு என்ற அமைப்பு உருவாகி, தனி மாநிலக் கோரிக்கையைப் பெருமளவு வன்முறையின்றி நடத்தியது. 1970 ஏப்ரல் 2இல் மேகாலயா அசாமுக்குள் ஒரு தன்னாட்சி மாநிலமாகவும், 1972 ஜனவரி 21இல் முழு மாநிலமாகவும் ஆனது. வில்லியம்சன் சங்மா முதல் முதலமைச்சர். அசாம் அரசு குவாஹாட்டியை ஒட்டிய திஸ்பூருக்குத் தன் தலைமைச் செயலகத்தை எடுத்துச் சென்றது.

ஆக, ஒரு பெரிய மாகாணத்துக்கென அமைத்த தலைநகரம் 22,429 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய மாநிலத்தின் கைக்கு வந்தது. ஆனால் ஊர் சுருங்கவில்லை. வடகிழக்கு மாநிலங்கள் அனைத்துக்குமான வடகிழக்குக் குழுமத்தின் தலைமையகம் இங்கேதான். 1973இல் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகம் இங்கே தொடங்கியது. இந்திய விமானப் படையின் கிழக்குக் கட்டளையகமும் அசாம் ரைஃபிள்ஸ் படையின் தலைமையகமும் இங்கே இருக்கின்றன. 2008இல் இந்திய மேலாண்மைக் கழகமும் வந்து சேர்ந்தது. மாநிலத் தலைநகரம் என்ற அளவைத் தாண்டி, ஒரு வட்டாரம் முழுவதற்குமான தலைமையிடமாகவே ஷில்லாங் இன்றும் நடந்துகொள்கிறது. உங்கள் மகளைப் போன்றவர்கள் நாட்டின் மறுகோடியிலிருந்து அங்கே மாற்றலாகிப் போவதும் இதனால்தான்.

12 அக்டோபர்

"மாநகராட்சி நன்றாக இயங்குகிறதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் உள்ளமைப்பு முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

அங்கே இருப்பது நகராட்சி வாரியம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 1,43,229 பேர். ஆனால் தொடர்ச்சியாகக் கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பரப்பில் வாழ்ந்தவர்கள் 3,54,759 பேர். அதாவது ஷில்லாங்வாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நகராட்சிக்கு வெளியே வாழ்கிறார்கள். மாவ்லாய், நோங்தைம்மாய், மதன்ரிட்டிங், பின்தோரும்க்ரா போன்ற பகுதிகள் எல்லாம் கண்ணுக்கு ஒரே நகரம். ஆட்சிமுறையில் தனித்தனி ஊர்கள். ராணுவத்துக்கான பாளையப் பகுதி (கன்டோன்மென்ட்) வேறு தனியாக இருக்கிறது.

இதன் வேர் நிலத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் 1860களில் இங்கே வந்தபோது நிலம் அவர்களுடையதாக இருக்கவில்லை. இம்மலைகளின் பழங்குடியினரான காஸி மக்களின் மில்லியம் என்ற ஆட்சிப் பகுதிக்குத் தலைவரான சியெமோடு உடன்படிக்கை செய்துகொண்டுதான் தங்கள் நிர்வாகக் குடியிருப்புக்கான நிலத்தைப் பெற்றார்கள். அவர்கள் பெற்ற பகுதி "ஐரோப்பிய வார்டு" என்ற பெயரில் இன்றும் அறியப்படுகிறது. அதைச் சுற்றியுள்ள நிலம் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தமாகவே நீடித்தது. விடுதலைக்குப் பின் பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப்படி காஸி மலைத் தன்னாட்சி மாவட்டக் குழு அமைந்தது. 1971ஆம் ஆண்டின் மேகாலயா நில மாற்றச் சட்டம், பழங்குடியினர் நிலம் மற்றவர்களுக்குக் கைமாறுவதற்கு அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய வார்டின் நிலை மட்டும் இவற்றிலிருந்து வேறுபட்டது.

இவற்றுக்குக் கீழே, அன்றாட வாழ்க்கையைத் தொடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் தர்பார் ஷ்னோங், அதாவது ஊர்ச்சபை. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தர்பார், அதற்குத் தலைவராக ஒரு ரங்பா ஷ்னோங். குப்பை அகற்றுதல், குழாய்த் தகராறு, இரவுக் காவல், தெருவைக் கூட்டிப் பெருக்கும் பொதுநாள், குடியிருப்புச் சான்று ஆகிய யாவும் அங்கேதான் தீர்கின்றன. ஒரே தெருவில் நடந்து போகும்போது நகராட்சி, மாவட்டக் குழு, ஹிமா எனப்படும் சியெமின் ஆட்சிப்பகுதி, தர்பார், மாநில அரசு என்று ஐந்து அதிகாரங்களைக் கடந்து போகலாம். அரசு ஆட்சி செய்கிறது, ஆனால் நிலம் அதனுடையதன்று. ஷில்லாங்கின் நன்மைகளிலும் தொல்லைகளிலும் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

13 அக்டோபர்

சேர்க்க வேண்டியது ஒன்று. தர்பாரின் அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரங்பா ஷ்னோங்குகள் தடையின்மைச் சான்று வழங்குவது 2014 இறுதியில் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகி, அதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஊர்த்தலைவர்கள் ஒன்றுதிரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மேலும், தாய்வழிச் சமுதாயம் என்று உலகமே புகழும் காஸி மக்களிடையே தர்பாரில் அமரும் உரிமை மரபுப்படி ஆண்களுக்கே இருந்துவந்திருக்கிறது. சில குடியிருப்புகளில் இது மாறத் தொடங்கியிருக்கிறது என்றாலும், வேகம் போதாது என்பதை அங்கே எனக்கு அறிமுகமான பெண்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

17 அக்டோபர்

வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் பணியில் சேர்ந்தபோது லைதும்க்ரா பகுதியில் வீடு தேடினேன். வீட்டுக்காரர் என்று நான் நினைத்துப் பேசியவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டு, உள்ளே போய்த் தன் மனைவியை அழைத்துவந்தார். வீடு அந்த அம்மாளுடையது. அவருடைய தாயாரிடமிருந்து அவருக்கு வந்தது. அவருக்குப் பின் இளைய மகளுக்குப் போகும். காஸி குடும்பங்களில் இளைய மகள்தான் பூர்வீக வீட்டைக் காப்பவள். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும், மணவாழ்க்கை முறிந்தோ வேலை இழந்தோ திரும்பிவரும் உடன்பிறப்புகளுக்கு இடம் கொடுப்பதும் அவள் பொறுப்பு. சொத்து கிடைக்கிறது என்று மட்டும் வெளியார் பார்க்கிறார்கள். சுமையும் கூடவே வருகிறது.

வாடகை பேசி முடிந்ததும் அந்த அம்மாள் என்னை ரங்பா ஷ்னோங்கின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். என் அலுவலக அடையாள அட்டையையும் பணிமாற்ற ஆணையையும் அவர் நிதானமாகப் படித்தார். குடும்பத்தில் எத்தனை பேர், எவ்வளவு காலம் இருப்போம், இரவில் சத்தம் எழுப்புவோமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஒரு நோட்டில் பெயரைப் பதிந்துகொண்டார். பிறகு தட்டில் க்வாய் வந்தது. நம் ஊர்த் தாம்பூலத்தின் உடன்பிறப்புதான், ஆனால் பாக்கு உலர்ந்ததன்று. தோலோடு ஊறவைத்து எடுத்த ஈரப் பாக்கை அரிந்து, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு தருகிறார்கள். வாயில் போட்ட சில நொடிகளில் காது மடல் சூடேறி, நெற்றியில் வியர்வை துளிர்க்கும். பழகாதவர்களுக்குத் தலை சுற்றும். அந்தத் தாம்பூலத்தை ஏற்ற பிறகு நான் அந்தத் தெருவுக்கு அந்நியன் அல்லன்.

எல்லா வீட்டுக்காரர்களும் இப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன் வேறொரு பகுதியில் முன்பணம் வாங்கிக்கொண்ட ஒருவர், "வெளியாருக்குத் தரக்கூடாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள்" என்று மறுத்து, பணத்தைத் திருப்பித் தரப் பல வாரம் அலையவிட்டார். இறுதியில் அந்தப் பகுதியின் தர்பார் தலையிட்டுத்தான் பணம் கிடைத்தது. நீதிமன்றம் போயிருந்தால் எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது, இந்த ஊர்ச்சபைகளின் மேல் எனக்கு ஏற்பட்ட மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

22 அக்டோபர்

ஊரின் தோற்றம் பற்றி ஒரு நண்பர் கேட்டார். "பழைய மரவீடுகள்" என்று படங்களில் பார்ப்பவை அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அவை நிலநடுக்கத்திலிருந்து கற்ற பாடம்.

1897 ஜூன் 12 அன்று மாலை ஐந்தே கால் மணி அளவில், 8க்கு மேற்பட்ட அளவுடைய நிலநடுக்கம் ஷில்லாங் பீடபூமியை உலுக்கியது. கல்லால் கட்டிய கட்டடங்கள் அனைத்தும் தரைமட்டமாயின. வட்டாரம் முழுவதிலும் ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டம் அதைப் பற்றி எழுதிய அறிக்கை நிலநடுக்கவியலின் அடிப்படை நூல்களில் ஒன்று. நில அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு வேகத்தில் வந்து சேர்கின்றன என்பதைக் கருவிப் பதிவுகளில் பிரித்துக் காட்டும் ஆய்வுக்கு அவர் இந்த நிலநடுக்கத்தின் வழியாகவே சென்றார்.

அதற்குப் பின் எழுந்ததுதான் "அசாம் வகை" வீடு. நான் குடியிருந்தது அப்படி ஒன்று என்பதால் அதன் உடல் எனக்குத் தெரியும். முழங்கால் உயரத்துக்குக் கல் அடித்தளம். அதன்மேல் மரத் தூண்களும் குறுக்குச் சட்டங்களும். சட்டங்களுக்கு இடையே இக்ரா எனப்படும் நாணல் தட்டைகளை வரிந்து இருபுறமும் பூச்சுப் பூசிய மெல்லிய சுவர். மேலே தகரக் கூரை. சுவரைத் தட்டினால் கல்லின் ஓசை வராது, உள்ளே வெற்றிடம் இருப்பது கேட்கும். நிலம் அசைந்தால் வீடு முழுவதும் கிறீச்சிட்டுக்கொண்டு சேர்ந்து அசையும், விழாது. சுவர் விழுந்தாலும் ஆள் சாவதற்கு அதில் எடை இல்லை.

இன்று அந்த வீடுகளை இடித்துவிட்டுச் சரிவான நிலத்தில் நான்கைந்து மாடிக் கான்கிரீட் கட்டடங்களை எழுப்புகிறார்கள். நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் இந்த வட்டாரம் மிக அபாயமான மண்டலத்தில் இருக்கிறது. நிலம் குறைவு, குடும்பம் பெருகுகிறது, வாடகை வருமானம் தேவை என்ற காரணங்கள் எனக்குப் புரிகின்றன. ஆயினும் லைதும்க்ராவின் ஒடுங்கிய சந்துகளில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும் கட்டடங்களைப் பார்த்தபோதெல்லாம் எனக்குக் கவலையாகவே இருந்தது. ஒரே வகையான கட்டட விதியை நகர்ப்பரப்பு முழுவதிலும் நடைமுறைப்படுத்துவது ஏன் கடினம் என்பதற்கு, 12ஆம் தேதிக் குறிப்பில் எழுதிய அதிகார அடுக்குகளே விடை.

25 அக்டோபர்

மழை. செரபுஞ்சி அருகே இருப்பதால் ஷில்லாங்கிலும் ஓயாத மழை என்று நினைக்கிறார்கள். சாலை வழியாக ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய தொலைவுதான். ஆனால் செரபுஞ்சியில் ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய, ஷில்லாங்கில் ஏறத்தாழ 2,200 மில்லிமீட்டர்தான். வங்கதேசச் சமவெளியிலிருந்து வரும் ஈரக்காற்று தெற்கு விளிம்பின் செங்குத்துச் சரிவில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. ஏறத்தாழ 1,960 மீட்டர் உயரமுள்ள ஷில்லாங் சிகரத்துக்கு வடக்கே ஒதுங்கியிருக்கும் நகருக்கு மிச்சம்தான் வருகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை மழை மிகக் குறைவு. அப்போது தண்ணீர்த் தட்டுப்பாடு வரும். இதைச் சுற்றுலாப் பக்கங்கள் எழுதுவதில்லை.

26 அக்டோபர்

தண்ணீரைப் பற்றி நேற்று மிகச் சுருக்கமாக எழுதிவிட்டேன். அது அவ்வளவு எளிதில் கடந்துபோகக் கூடிய பொருள் அன்று.

குடிநீரில் பெரும்பங்கு மாவ்ஃப்லாங் என்ற இடத்தில் உமியூ ஆற்றின் குறுக்கே கட்டிய அணையிலிருந்து வருகிறது. அந்த நீரும் நாள்தோறும் எல்லாப் பகுதிக்கும் வருவதில்லை. வசதியுள்ளவர்கள் தொட்டி வண்டியை வரவழைப்பார்கள்; மற்றவர்கள் பாறை இடுக்கு ஊற்றுகளுக்குக் குடத்தோடும் பிளாஸ்டிக் கேனோடும் போவார்கள். துணி துவைக்க ஓடைக்கரை.

அந்த ஓடைகளின் கதைதான் வேதனையானது. நகரின் கழிவைச் சுமப்பவை உம்க்ரா, உம்ஷிர்ப்பி என்ற இரண்டு ஆறுகள். அவை இரண்டும் இணைந்து, கடைசியில் உமியம் ஏரியில் போய்ச் சேர்கின்றன. குவாஹாட்டியிலிருந்து மேலேறும்போது சாலையோரத்தில் நீலமாக விரிந்து, எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் அந்த ஏரி இயற்கையானது அன்று; 1960களில் நீர்மின்சாரத்துக்காக அணை கட்டி உண்டாக்கப்பட்டது. நகரத்தார் மேலே எறியும் பிளாஸ்டிக் முழுவதும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கே வந்து ஒதுங்குகிறது. சில தர்பார்கள் தங்கள் எல்லைக்குள் ஓடும் ஆற்றுப் பகுதியைத் தாங்களே சுத்தம் செய்கின்றன. இளைஞர்கள் கணுக்கால் அளவு சேற்றில் நின்று பைகளை இழுத்தெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆற்றுக்கு ஊர் எல்லை கிடையாது. மேலே உள்ள குடியிருப்பு எறிவதைக் கீழே உள்ள குடியிருப்பு அள்ளுகிறது. தர்பாரின் வலிமையை மேலே புகழ்ந்து எழுதினேன். அதன் வரம்பு இங்கேதான் தெரிகிறது. ஒரு தெருவை அதனால் காக்க முடியும், ஒரு நதியைக் காக்க அதைவிடப் பெரிய அமைப்பு தேவை.

2 நவம்பர்

நகரின் பெரிய சந்தையான இயூடு பற்றிக் கேட்டவருக்கு: ஆம், பரா பஜார் என்று இந்தியில் சொல்வதும் அதுதான். அது நகராட்சிச் சந்தை அன்று. இன்றும் மில்லியம் சியெமின் ஹிமா அதை நடத்துகிறது, வரி வாங்குகிறது. காஸி மக்களின் மரபு வாரத்துக்கு எட்டு நாள். ஒவ்வொரு நாளும் ஓர் ஊர்ச்சந்தையின் பெயரைத் தாங்கியது. அந்தச் சுழற்சியில் தலையாயது இயூடு.

சரிவில் இறங்கும் குறுகிய படிக்கட்டுகளில், நெற்றியில் பட்டை கட்டி முதுகில் கூம்புவடிவக் கூடை சுமந்துவரும் ஆட்கள் "வழி, வழி" என்ற பொருளில் குரல் கொடுத்துக்கொண்டே இறங்குவார்கள். அவர்களுக்கு ஒதுங்கி நிற்பது அங்கே முதல் மரியாதை. கடைகளில் அமர்ந்து விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: மஞ்சள், கருமிளகு, காட்டுத்தேன், புளிக்கவைத்த சோயாவான துங்ரிம்பாய், உலர்மீன், கட்டுக்கட்டாக வெற்றிலை. சந்தைக்கு அருகே மோட்ஃப்ரான் என்ற நினைவுக்கல் நிற்கிறது. முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன காஸி தொழிலாளர் படையினரின் நினைவாக எழுப்பியது.

சந்தையைச் சுற்றியும் நகரமெங்கும் "தீர்" பந்தயக் கடைகள் இருக்கும். பிற்பகலில் வில்லாளர்கள் ஒரு வைக்கோல் இலக்கின் மேல் நூற்றுக்கணக்கான அம்புகளை எய்வார்கள். தைத்தவற்றை எண்ணி, அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களே வெற்றி எண். முந்தைய இரவில் கண்ட கனவை எண்ணாக மாற்றிப் பணம் கட்டுவது வழக்கம். அரசு உரிமம் பெற்று, வரி கட்டி நடக்கும் பந்தயம் இது. சூதாட்டத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் வில்வித்தை கண்ணாடிப் பேழைக்குள் போகாமல் அன்றாடம் நடப்பதைக் காண வேண்டுமானால், அந்தத் திடலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

7 நவம்பர்

"வெளியாருக்குப் பாதுகாப்பான ஊரா?" இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள். மழுப்பாமல் எழுதுகிறேன்.

1979இல் வங்காளிகளுக்கும், 1987இல் நேபாளிகளுக்கும், 1992இல் பிகாரிகளுக்கும் எதிராக இந்த ஊரில் வன்முறை நடந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த பல குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறின. 2018 மே மாத இறுதியில் சந்தையை ஒட்டியுள்ள பஞ்சாபி சந்தில் வெடித்த மோதலால் நாட்கணக்கில் ஊரடங்கு இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் துப்புரவுப் பணிக்காக அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். இவற்றில் பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தை எந்த வரலாற்று விளக்கமும் ஈடு செய்யாது.

அதே வேளையில், காஸி மக்களின் அச்சத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1947இல் சில்ஹட் பாகிஸ்தானுக்குப் போனது. காஸி மலைகளின் ஆரஞ்சும் வெற்றிலையும் பாக்கும் தொன்றுதொட்டு இறங்கி விற்ற சந்தைகள் ஒரே ஆண்டில் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. அதே எல்லையைக் கடந்து அகதிகள் வந்தார்கள். திரிபுராவில் பழங்குடியினர் சிறுபான்மையானதை இவர்கள் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். ஷில்லாங்குக்கு ரயில் வராததற்குக்கூட, ரயிலோடு குடியேற்றமும் வரும் என்ற மாணவர் அமைப்புகளின் எதிர்ப்பு ஒரு காரணம். மாநிலத்தின் முதல் ரயில் நிலையம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதுவும் மாநிலத்தின் மேற்கே உள்ள காரோ மலைப் பக்கத்தில் மெந்திபதாரில். வெளிமாநிலத்தவர் நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய உள்நுழைவு அனுமதி முறை வேண்டும் என்று 2019 டிசம்பரில் சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது.

நான் இருந்த காலத்தில் கடையடைப்புகளும் பதற்றமான நாட்களும் வந்தன. அந்நாட்களில் வீட்டுக்கார அம்மாள் காலையிலேயே கதவைத் தட்டி, "இன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். தனிமனிதர்களிடம் எனக்குக் கிடைத்த அன்பு உண்மை. கூட்டமாகத் திரளும்போது மேலெழும் அச்சமும் உண்மை. இரண்டையும் தெரிந்துகொண்டு போவதே உங்கள் மகளுக்கு நல்லது. பெண்கள் தனியாக நடமாடுவதைப் பொறுத்தவரை, நான் பார்த்த பல நகரங்களைவிட அங்கே இயல்பான சூழல் இருந்தது என்று என் மனைவி உறுதியாகச் சொல்கிறார்.

8 நவம்பர்

அப்துல் கலாம் மறைந்த ஊர் என்பதை ஏன் எழுதவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நியாயமான வருத்தம். 2015 ஜூலை 27 அன்று மாலை, ஷில்லாங்கின் இந்திய மேலாண்மைக் கழகத்தில் வாழத்தக்க பூமியைப் பற்றி மாணவர்களிடம் பேசத் தொடங்கிய சில நிமிடங்களில் அவர் மயங்கி விழுந்தார். தமிழ்நாட்டில் பலருக்கு ஷில்லாங் என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது அன்றுதான். நான் தமிழன் என்று தெரிந்ததும் டாக்சி ஓட்டுநர்கள் முதலில் எடுக்கும் பேச்சும் அவரைப் பற்றியதாகவே இருந்தது.

14 நவம்பர்

அக்டோபர் 9 இரவுக் குறிப்பில் ஊரின் பெருமையாக நான் எழுதிய ஒன்றை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. "வட்டாரத்துக்கே தலைநகரம்" என்றேன். ஆனால் மேகாலயாவுக்குள்ளேயே இருக்கும் காரோ மக்களுக்கு இது எட்டாத தலைநகரம். அவர்களுடைய பெரிய நகரமான தூராவிலிருந்து ஷில்லாங் வர 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். வழக்கமான பாதை அசாமுக்குள் இறங்கி, குவாஹாட்டி வழியாகத் திரும்ப மேலேறுகிறது. ஒரு சான்றிதழுக்காகவோ மேல் சிகிச்சைக்காகவோ இரவெல்லாம் வண்டியில் வந்தவர்களை அலுவலக வாசலில் பலமுறை பார்த்திருக்கிறேன். சொந்த மாநிலத் தலைநகருக்குப் போக அடுத்த மாநிலத்தைக் கடக்க வேண்டியிருப்பது, பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கை மனத்தில் வைத்து ஊரைத் தேர்ந்ததன் விளைவு.

தலைநகரின் கட்டடங்களுக்கும் நல்ல காலம் வாய்க்கவில்லை. அசாம் காலத்து மரக் கட்டடமான பழைய சட்டமன்றம் 2001 ஜனவரியில் தீக்கிரையானது. அதற்குப் பின் 60 உறுப்பினர் கொண்ட பேரவை பல ஆண்டுகள் தற்காலிக இடத்திலேயே கூடியது. நெரிசலைக் குறைக்கக் கிழக்கே மாவ்தியாங்தியாங் பகுதியில் புதிய ஷில்லாங்கை உருவாக்கிவருகிறார்கள். அங்கே கட்டிய புதிய சட்டமன்றத்தின் குவிமாடம் 2022 மே மாதத்தில் சரிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. 2023இல் வேலை நடந்துகொண்டிருந்தது. வட்டார மருத்துவக் கழகம் அங்கே ஏற்கெனவே இயங்குகிறது. செயலகமும் அங்கே போய்விட்டால் நகரின் மையக் கடைத்தெருவான போலீஸ் பஜார் மூச்சுவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 150 ஆண்டுகளாக அலுவலகங்களைச் சுற்றியே பிழைத்த தேநீர்க் கடைகளும் அச்சகங்களும் என்ன செய்யும் என்ற கேள்வியை யாரும் பொறுப்போடு பேசுவதாகத் தெரியவில்லை.

19 நவம்பர்

இசை, கால்பந்து, ஞாயிற்றுக்கிழமை ஆகிய மூன்றும் விடுபட்டுவிட்டதாக ஒரு நண்பர் சுட்டியிருக்கிறார்.

இசையும் கால்பந்தும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஞாயிறு மட்டும் சொல்கிறேன். வேல்ஸ் நாட்டுத் திருச்சபையின் தாமஸ் ஜோன்ஸ் 1841இல் செரபுஞ்சிக்கு வந்து, காஸி மொழியை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினார். இன்று பெரும்பான்மையோர் கிறித்தவர்கள். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், இயூடு அடங்கியிருக்கும், தெருவெங்கும் தோளில் முடிந்த ஜைன்செம் உடையில் பெண்கள் தேவாலயத்துக்கு நடந்து போவார்கள். பழைய சமயமும் அழியவில்லை. அதைக் காக்க 1899இல் தொடங்கிய செங் காஸி இயக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வசந்த காலத்தில் அது நடத்தும் நன்றித் திருநாள் நடனத்துக்கு ஊரே திரளும்.

26 நவம்பர்

கேள்வி கேட்டவர், மகள் ஜனவரியில் சேரப்போவதாக எழுதியிருக்கிறார். ஆகவே பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி இரவுகளில் குளிர் உறைநிலையை நெருங்கும். அசாம் வகை வீடுகளில் தரை வழியாகவே குளிர் ஏறும், ஆகவே கம்பளி விரிப்பு அவசியம். குவாஹாட்டி விமான நிலையத்திலிருந்து பகிர்வு வண்டியில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். உம்ரோய் விமான நிலையம் அருகில் இருந்தாலும் விமானங்கள் குறைவு. நகருக்குள் கறுப்பு-மஞ்சள் சிறு டாக்சிகள் இருக்கைக் கணக்கில் ஓடுகின்றன. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்ததும் போக வேண்டிய பகுதியின் பெயரை மட்டும் சொன்னால் போதும், வழி ஒத்துவந்தால் ஏற்றிக்கொள்வார். காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால், அலுவலகத்துக்கு நடந்து போகக்கூடிய தொலைவில் வீடு பார்ப்பது நல்லது. வீடு பார்க்கும்போது முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. குழாய் நீர் வாரத்தில் எத்தனை நாள் வரும், தொட்டி எவ்வளவு பெரியது என்பதே முதல் கேள்வி. சைவ உணவு போலீஸ் பஜாரில் தாராளமாகக் கிடைக்கும். அசைவம் சாப்பிடுபவராக இருந்தால், கறுப்பு எள்ளில் சமைத்த பன்றி இறைச்சியையும், இறைச்சியோடு சேர்த்துச் சமைக்கும் ஜாதோ சோற்றையும் பெரிய உணவகங்களில் தேட வேண்டாம். காலையிலேயே திறக்கும் சிறிய ஜாதோ கடைகளில்தான் அவை நன்றாக இருக்கும்.

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ரங்பா ஷ்னோங்கைப் போய்ப் பார்த்துப் பெயரைப் பதிந்துவிடச் சொல்லுங்கள். அலுவலகத்தில் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.